பானெட்டுக்குள் இடமில்லையா? டர்போ டிராக் கார் பொங்காமல் இருக்க

ராமநாதபுரம், கீழக்கரை பக்கமிருந்து டர்போ ஏற்றிய சின்ன ஹேட்ச்பேக்கைக் கோவை கரி பந்தய டிராக் வரை ஓட்டிப் போவார்கள். நாலாவது சுற்றிலேயே இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறிவிடும். உடனே எல்லோரும் சொல்வது, ‘பெரிய ரேடியேட்டர் போடு.’ அதைக் கடைசியில் பார்க்கலாம். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), ஏசி கன்டென்சர், ரேடியேட்டர் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து வைத்த முகப்பில், பெரும்பாலும் பற்றாமல் போவது காற்றுதான்.

பம்பரைக் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம். டிராக்குக்கு மட்டுமான வண்டி என்றால் ஏசி மெக்கானிக்கிடம் கேஸை முறையாக எடுக்கச் சொல்லிவிட்டு, கன்டென்சரையும் கழற்றிவிடுங்கள்.

படி 1: ஃபின்களை (ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளை) பாருங்கள்

ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் சீமைக்கருவேல இலை, அதன்மேல் படிந்த உப்பும் மணலும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, வேகம் குறைத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்புதான்.

கட்டைவிரலால் ஃபின்னை மெல்லத் தேயுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அந்த ரேடியேட்டர் முடிந்துவிட்டது. சொட்டுக்கூட ஒழுகாது, ஆனால் குழாய்க்கும் ஃபின்னுக்கும் ஒட்டு விட்டுப்போயிருக்கும், சூடு வெளியே போகாது. கடலோர வண்டிகளில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

படி 2: சந்துகளை அடையுங்கள்

நேரத்தை இங்கே செலவழியுங்கள். நெருக்கமான ஃபின்களுக்குள் நுழைவதைவிடப் பக்கத்துச் சந்தில் நழுவுவது காற்றுக்கு எளிது. விரல் நுழைகிற சந்து இருந்தாலே அது ஒரு ஓட்டை.

அட்டைப்பெட்டியை வெட்டி, பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் விளிம்பு வரை நான்கு பக்கத்துக்கும் அளவு எடுங்கள். அதே அளவில் 1 முதல் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, அலுமினிய பாப் ரிவிட்டால் பிடியுங்கள். இரும்பு ரிவிட் போட்டால் உப்புக்காற்றில் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைத்தான் அரிக்கும். தகடு ரேடியேட்டரைத் தொடும் இடத்தில் ரப்பர் பீடிங் வையுங்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 20 மி.மீ. அளவு விட்டு, அந்த இடைவெளியின் பக்கங்களையும் மூடுங்கள். நடுவில் ஸ்பாஞ்ச் திணிப்பவர்கள் உண்டு. நனைந்த ஸ்பாஞ்ச் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வேண்டாம்.

காற்று நுழையும் வாய், ரேடியேட்டர் முகப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பொதுவாகப் போதும். 60க்கு 40 செ.மீ. ரேடியேட்டருக்குச் சுமார் 800 சதுர செ.மீ. வாயிலிருந்து உள்ளே போகப் போக டக்ட், அதாவது இந்தத் தகடுகளால் ஆன காற்றுப் பாதை, மெதுவாக விரிய வேண்டும்.

சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, விளிம்பு நெடுகப் புகையைக் காட்டுங்கள். புகை ஃபின்னுக்குள் போனால் சரி, ஓரமாக வளைந்து ஓடினால் அங்கே இன்னும் சந்து இருக்கிறது.

படி 3: வெளியேற வழி

உள்ளே வந்த காற்று வெளியே போகாவிட்டால் புதுக்காற்று நுழையாது. வென்ட்டை, அதாவது காற்று வெளியேறும் திறப்பை, பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்குவது வேலைக்கு ஆகாது. வேகத்தில் கண்ணாடி அடியில் அழுத்தம் கூடுதல், அதனால் காற்று அங்கிருந்து உள்ளே தள்ளும். இன்ஜினுக்கு அடியிலுள்ள அடித்தட்டையும் கழற்றி எறியாதீர்கள்.

படி 4: தண்ணீரும் ஏர் லாக்கும்

இங்கே உறைபனி கிடையாது, பாதிக்குப் பாதி கூலன்ட் தேவையில்லை. கூலன்ட்டில் உள்ள கிளைகால் கூடக் கூடச் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். 70 பங்கு டிஸ்டில்டு வாட்டர், 30 பங்கு கூலன்ட் கான்சன்ட்ரேட். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கேனாகக் கிடைக்கும், ஆசிட் கேனை மாற்றி வாங்கிவிடாதீர்கள். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினால் துரு தடுக்கும் மருந்து இல்லாமல் உள்ளே அரிக்கும். மூடி 1.1 பார் பிடித்தால் தண்ணீர்கூட 120 டிகிரிக்குச் சற்று மேல்தான் கொதிக்கும். ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. மூடியைப் புதிதாகவே வாங்குங்கள்.

டர்போவிலிருந்து தண்ணீர் திரும்பும் ஹோஸ் மேல்நோக்கியே ஏற வேண்டும். இடமில்லாத வண்டியில் அதை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி ஓட்டுவார்கள். வண்டியை நிறுத்தியதும் டர்போவுக்குள் கொதிக்கும் நீராவி அந்த வளைவில் சிக்கி, தண்ணீர் ஓட்டத்தை அடைத்துவிடும்; இதுதான் ஏர் லாக். எக்ஸ்பான்ஷன் டேங்க் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கட்டும்.

ஏர் எடுக்கும் முறை: முன்சக்கரங்களை ரேம்ப்பில் ஏற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். முழுக்க ஆறியபின் திறந்து, குறைந்ததை ஊற்றுங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். இரண்டு மூன்று தடவை செய்தும் குமிழி நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

படி 5: ஆயில், டர்போ சூடு

ஆயில் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிடாமல், தனி டக்ட்டோடு ஃபெண்டர் பக்கம் வையுங்கள். தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் அவசியம். ஆயில் 130 டிகிரி தாண்டினால் அந்தச் சுற்றை நிதானமாக முடித்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) வெப்பத் துணி சுற்றுவதைவிட, 10 மி.மீ. இடைவெளி விட்டு வைத்த தகட்டு ஷீல்டே மேலானது. துணி நம் ஊர் ஈரத்தையும் உப்பையும் குடித்து, உள்ளே இரும்பைத் தின்றுவிடும்.

பின்சேர்க்கை: மதிய வெயிலில் மண்டபம் சாலையோரம் ஐடிலில் நிறுத்தி ‘ஊசி ஏறவில்லை, சரியாகிவிட்டது’ என்று முடிவு செய்யாதீர்கள். அது ஃபேனுக்கான சோதனை மட்டும். நிற்கும்போது ஏறினால் ஃபேன், ரிலே, பச்சை பூத்த டெர்மினல் என்று பாருங்கள். வேகத்தில் ஏறினால் படி 2, 3. மேலும் கீழும் குதித்தால் படி 4. எங்கும் குறை இல்லை, அப்படியும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றால், அப்போது பெரிய ரேடியேட்டர் வாங்கலாம்.