தாத்தா பேர்ல கெடக்குற நிலத்தோட ரெக்கார்டை தேடி எடுத்து நம்ம பேர்ல ஏத்துறது எப்படி

எங்கப்பா போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, வாடிப்பட்டி பக்கம் எங்களுக்கு இருக்குற ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சை இன்னமும் தாத்தா பேர்லயே இருக்குன்னு. அப்பா வருஷா வருஷம் கிஸ்தி (நெலவரி) ரசீதை ரப்பர் பேண்டு போட்டு பத்திரமா வச்சிருந்தாரு, ஆனா பட்டாவை மாத்தணும்னு ஒரு நாளும் தோணல போல, ஊர்ல முக்காவாசி பேரு நெலம இதுதான். நான் ஒன்றரை வருஷம் அலைஞ்சு கத்துக்கிட்டத எழுதுறேன், மதுரை ஜில்லாவுல கிராமத்து நெலம் வச்சிருக்குறவங்களுக்கு உதவும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, பட்டா வேற பத்திரம் வேற. நெலம் யாரு பேர்லன்னு சொல்ற பட்டா, சிட்டா, பயிர் கணக்கு எழுதுற அடங்கல், ஊர் நெலம் மொத்தத்துக்குமான அ-பதிவேடு, எஃப்எம்பின்னு சொல்ற புலப்படம் (வயலோட அளவு வரைபடம்) இதெல்லாம் வருவாய்த்துறை கையில, அதாவது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), தாலுகா ஆபீஸ், சர்வேயர். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், இசின்னு சொல்ற வில்லங்கச் சான்று இதெல்லாம் பதிவுத்துறை, அதாவது நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ். இந்த ரெண்டு துறையும் ரொம்ப காலமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காத பங்காளிங்க மாதிரிதான் இருந்துச்சு, இப்பதான் கம்ப்யூட்டர்ல சேத்து வச்சிருக்காங்க. பேர வச்சு தேடுனா ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி வரும், அதனால நீங்க கையில புடிச்சுக்க வேண்டியது வருவாய் கிராமமும் சர்வே நம்பரும்தான்.

ஆபீசுக்கு ஓடுறதுக்கு முன்னாடி வீட்டு தகரப்பெட்டிய எறக்குங்க. பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, பட்டா பாஸ்புக், சொசைட்டில பயிர்க்கடன் வாங்குன காகிதம், எது கெடைச்சாலும் தூக்கிப் போடாதீங்க, எங்க சர்வே நம்பரே ஒரு கடன் மனுவோட பின்பக்கம்தான் கெடைச்சுச்சு. ஒரு நோட்டு போட்டு பத்திர நம்பர், வருஷம், எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ், கிராமம், சர்வே நம்பர், எத்தன சென்ட், நான்கெல்லை, எல்லாத்தையும் எழுதிக்கங்க. பழைய பத்திரத்துல தாலுகா பேர பாத்து முழிக்காதீங்க, சோழவந்தான் பக்கமெல்லாம் அப்ப நிலக்கோட்டை தாலுகான்னு போட்டிருக்கும், திண்டுக்கல் 1985லயும் தேனி 1996லயும்தான் தனி மாவட்டமா பிரிஞ்சுச்சு, அதுக்கு முந்தி எல்லாமே மதுரை ஜில்லாதான். வருவாய் காகிதத்துல வருஷத்துக்கு பதிலா பசலின்னு இருக்கும், அதோட 590ஐ கூட்டிக்கங்க, பசலி 1400னா 1990 ஜூலைல ஆரம்பிச்ச வருஷம். சில பத்திரத்துல சென்ட்டே இருக்காது, குழின்னும் கோட்டை விதைப்பாடுன்னும் இருக்கும், அது ஊருக்கு ஊரு மாறும், அத வச்சு கணக்கு போட்டு சண்டைக்கு போகாதீங்க.

அடுத்து ஆன்லைன்ல பட்டா எடுக்கணும். தமிழ்நாடு இ-சர்வீசஸ் சைட்டுல மாவட்டம், தாலுகா, கிராமம் குடுத்து பட்டா நம்பரோ சர்வே நம்பரோ போட்டா, போனுக்கு வர்ற ஓடிபிய அடிச்சதும் பட்டா வந்துடும், அதே சைட்டுலயே அ-பதிவேடும் புலப்படமும் பாக்கலாம். இங்க கிராமம்னா வருவாய் கிராமம், நம்ம ஊர் பேரு லிஸ்ட்லயே இருக்காது, பக்கத்து பெரிய ஊர் பேர்ல இருக்கும், விஏஓகிட்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவாரு. அ-பதிவேட்ட கண்டிப்பா எடுங்க. பட்டாவுல இருக்காத விசயம் அதுல இருக்கும், அரசு நெலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நெலமா), பழைய சர்வே நம்பர் என்ன, எல்லாம்.

அ-பதிவேட்டுல இருக்குற அந்த பழைய சர்வே நம்பர் கட்டம்தான் மொத்த வேலைக்கும் உசுரு, இங்க கொஞ்சம் நின்னு படிங்க.

யூடிஆர்னு ஒண்ணு 1979லருந்து 1987 வரைக்கும் நடந்துச்சு, ஊர் ஊரா நெலப் பதிவேட்ட புதுப்பிச்சாங்க, ஏக்கர் சென்ட்ல இருந்தத ஹெக்டேர் ஏர்ஸுக்கு மாத்துனாங்க. அப்ப உட்பிரிவு (ஒரு சர்வே நம்பர பிரிச்ச துண்டு) நெறய மாறிடுச்சு, பேர் விட்டுப்போச்சு, பரப்பு கூடி கொறஞ்சுச்சு. போதாக்குறைக்கு 1980லதான் பழைய கர்ணம், முன்சீப் பதவிய எடுத்துட்டு பெறகு விஏஓ வந்தாங்க, எந்த வயலு யாருதுன்னு மனசுலயே வச்சிருந்த ஆளுங்க வெளிய போயிட்டாங்க, என்னைய கேட்டா பாதி குழப்பம் அதுலயே ஆரம்பிச்சிருக்கும். எங்க தாத்தா பத்திரத்துல 1 ஏக்கர் 24 சென்ட். பட்டாவுல பாத்தா 0.46.50, அதாவது 46.5 ஏர்ஸ். ஒரு ஏர் 2.47 சென்ட், பெருக்கிப் பாருங்க, 114.86 சென்ட்தான் வருது. ஒம்போது சென்ட்ட காணோம்! புலப்படத்த பிரிண்ட் போட்டு வயல்ல போய் நின்னு பாத்தா வாய்க்கா ஓரமா இருக்குற துண்டு பக்கத்து உட்பிரிவுல சேந்து கெடக்கு, நாங்கதான் நாத்து நட்டுட்டு இருக்கோம், காகிதத்துல அடுத்தவருது. இந்த மாதிரி யூடிஆர் தப்ப தாலுகா ஆபீஸ் சும்மா மாத்திக் குடுக்க முடியாது, மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு போடணும், மூலப்பத்திரம், யூடிஆருக்கு முந்தின பதிவேட்டு நகல், இசி எல்லாம் இணைச்சு. பழைய பதிவேட்டு நகல் கேட்டா இல்லைன்னு வாய்லயே சொல்லிடுவாங்க, 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, 30 நாள்ல எழுத்துல பதில் வரணும், இல்லைன்னாலும் அந்த இல்லைங்கிறது எழுத்துல இருக்கட்டும். எங்க மனு இன்னும் நடந்துட்டுதான் இருக்கு.

இப்ப வில்லங்கம், அதாவது இசி, போடுற கதை. பதிவுத்துறையோட டிஎன்ரெஜினெட் சைட்டுல இசிய காசில்லாம பாக்கலாம், பெரும்பாலான ஆபீசுக்கு 1975லருந்து வரும், அதுக்கு முந்தினதுக்கு ஆபீசுல மனு குடுத்து கையால தேடச் சொல்லணும், பேர் வாரியாவும் சொத்து வாரியாவும் இண்டெக்ஸ் வச்சிருப்பாங்க. ஆன்லைன்ல எல்லாரும் பண்ற தப்பு, இன்னைக்கு பட்டாவுல இருக்குற 87/2பி-ய மட்டும் போட்டுட்டு சொத்து சுத்தமா இருக்குன்னு நெனைக்கிறது. 1978ல ஒருத்தர் 87/2ன்னு எழுதி பதிஞ்சிருந்தா அது அந்த நம்பர்லதான் ஏறியிருக்கும். அதனால பழைய நம்பர், புது நம்பர், உட்பிரிவு போட்டு, உட்பிரிவு இல்லாம, எல்லா விதத்துலயும் போட்டுப் பாருங்க. உங்க கிராமம் நடுவுல வேற ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மாறியிருந்தா ரெண்டு ஆபீஸ்லயும் பாக்கணும். இசில வர்ற ஒவ்வொரு பத்திர நம்பருக்கும் நகல் மனு போட்டு வாங்கி படிங்க, இசில ரெண்டு வரிதான் இருக்கும், வழிப்பாதை உரிமை, கெணத்துல எத்தனாவது பங்கு, இதெல்லாம் பத்திரத்துக்குள்ளதான் இருக்கும். கெணத்து பங்க விட்டுட்டு வயல மட்டும் எழுதிக்கிட்டு பின்னாடி தண்ணிக்கு அல்லாடுனவங்க எங்க ஊர்ல இருக்காங்க.

அதே நேரம் இசி சுத்தமா இருந்தா எல்லாம் சரின்னு இல்ல. பதியாத உயில், வாய்மொழியா பிரிச்சுக்கிட்ட பாகம், பதியாத அக்ரிமெண்ட், இதெல்லாம் அதுல வராது. கோர்ட்டு கேஸையும் இசிய வச்சு தெரிஞ்சுக்கலாம்னு நம்பாதீங்க, டீக்கடையிலயும் ஒரு தடவ விசாரிச்சுக்கங்க, மதுரை பக்கம் டீக்கடைக்கு தெரியாத நெலத் தகராறு கெடையாது.

கோயில் நெலம், வக்ஃபு நெலம், பஞ்சமி நெலம் (பட்டியல் சாதிக்காரங்களுக்குன்னு ஒதுக்குனது), அரசு ஒப்படை குடுத்த நெலம், இதுல எதுவாவது அ-பதிவேட்டு குறிப்புல தட்டுப்பட்டா அங்கயே நிறுத்திட்டு நல்ல வக்கீல பாருங்க.

இனி நம்ம பேர்ல ஏத்துறது. இறந்தவர் பேர்ல இருந்தா இறப்பு சான்று, தாசில்தார் குடுக்குற வாரிசு சான்று ரெண்டும் வேணும், தாத்தா அப்பா ரெண்டு பேரும் போயிட்டா ரெண்டு பேருக்கும் தனித்தனியா. அத வச்சு மொதல்ல வாரிசுங்க எல்லாரு பேர்லயும் கூட்டுப்பட்டா வாங்கிடலாம், இ-சேவை மையத்துலயே மனு போடலாம். அப்புறம் தனியா பிரிக்கணும்னா பாகப்பிரிவினையோ, ஒருத்தர் பங்க விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரமோ பதியணும். இங்கதான் அத்தைங்க விசயம் வருது. தாத்தா சுயமா வாங்குன சொத்து, உயில் எழுதாம போயிட்டாருன்னா 1956 இந்து வாரிசு சட்டப்படியே பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்கு. கல்யாணத்துல நகை போட்டாச்சுன்னு சொல்லிட்டு அத்தைங்கள விட்டுட்டு பத்திரம் போட்டீங்கன்னா இருபது வருஷம் கழிச்சு அவங்க பேரன் கேஸ் போடுவான். எங்க சின்னத்தை கையெழுத்து போட மாட்டேன்னுதான் மொதல்ல சொன்னாங்க, நாலு தடவ வீட்டுக்கு போய் அவங்க பங்குக்கு ஒரு தொகை பேசி முடிச்சோம், அது நியாயந்தான்.

பத்திரம் எழுதும்போது எழுத்தர்கிட்ட விட்டுட்டு டீ குடிக்க போயிடாதீங்க, சொத்து விவரத்த நீங்களே வரி வரியா படிங்க. பழைய சர்வே நம்பர், புது சர்வே நம்பர் ரெண்டும் இருக்கணும், பரப்பு சென்ட்லயும் ஏர்ஸ்லயும் இருக்கணும். நான்கெல்லைல "கருப்பையா வகையறா வயலுக்கு வடக்கு"ன்னு மட்டும் எழுதுனா கருப்பையா வித்துட்டு போனதும் அர்த்தம் போயிடும், கூடவே அவரு சர்வே நம்பரையும் போடச் சொல்லுங்க. கீழ்மேல், தென்வடல் அளவு தெரிஞ்சா அதையும் சேருங்க. கையெழுத்து போட்ட நாள்லருந்து 4 மாசத்துக்குள்ள பதியணும், அதுக்கு மேல போனா அபராதம். குடும்பத்துக்குள்ள பண்ற பத்திரத்துக்கு செலவு கம்மிதான், வெளி ஆள்கிட்ட கிரயம்னா முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 10 லட்சம் வரைக்குமான சொத்த பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல்லருந்து கட்டணத்துல 1 சதவீதம் கொறையுது.

பதிஞ்சதும் பட்டா மாறிடும்னு அசந்துடாதீங்க. முழு சர்வே நம்பரும் அப்படியே கைமாறுனா சீக்கிரம் மாறிடும், உட்பிரிவு இருந்தா சர்வேயர் வந்து அளக்கணும், அன்னைக்கு பக்கத்து வயக்காரங்களயும் கூட வச்சுக்கங்க, கல்லு நட்டதுக்கு அப்புறம் வந்து கத்துறதுக்கு இது மேல். மனு நம்பர வச்சு நெலமைய ஆன்லைன்லயே பாத்துக்கலாம். எங்க மனு ஒண்ண காரணமே சொல்லாம தள்ளுபடி பண்ணிட்டாங்க, மேல கோட்டாட்சியர்கிட்ட அப்பீல் போனோம். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி (வருவாய் கணக்கு தணிக்கை) நடக்கும், அன்னைக்கு மனு குடுத்தா பதிவேட்டுல ஏறி ரசீது கெடைக்கும், சும்மா நாள்ல குடுக்குற மனுவ விட அதுக்கு கொஞ்சம் மரியாத இருக்கு.

புது பட்டா வந்ததும் இனிஷியல், அப்பா பேரு, பரப்பு மூணையும் எழுத்து எழுத்தா பாருங்க, எனக்கு அப்பா பேருக்கு பதிலா தாத்தா பேர போட்டு அனுப்பிட்டாங்க, அதுக்கு இன்னொரு மனு. ஒரு வாரம் கழிச்சு இசியும் ஒரு தடவ போட்டு உங்க பத்திரம் சரியான சர்வே நம்பர்ல ஏறியிருக்கான்னு பாருங்க, அப்புறம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க.