வெள்ளிப் பூச்சின் மேல் கிளியர் நிறம்

சின்ன பைக் மாடலின் டேங்குக்கு ஆழமான, மின்னும் சிவப்பு வேண்டுமா? முதலில் பளபளக்கும் கருப்பு, அது நன்றாகக் காய்ந்ததும் வெள்ளி, அதன் மேல் டாமியா நிறுவனத்தின் எக்ஸ்-27 கிளியர் சிவப்பு, அதாவது ஒளி ஊடுருவும் பெயின்ட். ஒளி நிறத்தை ஊடுருவி, வெள்ளியில் பட்டு, மறுபடி அதே நிறத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அந்த ஆழம் சாதாரண சிவப்பில் கிடைக்கவே கிடைக்காது. வெள்ளியின் மேல் எக்ஸ்-24 கிளியர் மஞ்சள் அடித்தால் தங்கம்.

அவசரப்பட்டு ஒரே பூச்சில் நிறத்தை ஏற்றாதீர்கள். பூச்சுக்குப் பூச்சு நிறம் அடர்ந்துகொண்டே போகும். மூலையில் தேங்கினால் அங்கே மட்டும் கருத்து, மொத்த அழகும் போய்விடும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடியுங்கள். கிளியர் நிறங்கள் காய்ந்ததுபோல் தோன்றும், தொட்டால் விரல் ரேகை பதியும். ஒரு நாளாவது விட்டுவையுங்கள்.

சேலத்துச் சித்திரை வெயிலில், பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷின் முனையிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் கலந்து விடியற்காலையில் அடிப்பது நல்லது. ஏற்காட்டில் இருப்பவர்கள் பனி மூடிய நாளில் மேல்பூச்சு லாக்கரைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டுப் பளபளப்பு வெளுத்துப்போகும்.

எந்தக் கலவையானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பாருங்கள்.