சொகுசா, ஓட்டும் சுகமா? குடும்பக் கார் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

புதுக் கார் எடுக்கும் வீட்டில் பெரும்பாலும் இரண்டு கட்சி இருக்கும். ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறவருக்கு வண்டி சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். மிதித்தால் கிளம்ப வேண்டும், வளைவில் தள்ளாடாமல் திரும்ப வேண்டும். பின்னால் உட்காரப் போகிற அம்மா, மாமியார், பிள்ளைகளுக்கோ இடுப்பு நோகாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். பத்து லட்சத்துக்குள் இரண்டும் சேர்ந்து கிடைக்காது, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று இரு கட்சியும் நம்புகின்றன. முதல் தவறு இந்த நம்பிக்கைதான். மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவை.

"சஸ்பென்ஷன் சாஃப்டா, ஹார்டா?" என்று மட்டும் கேட்பது

இது பாதிக் கேள்வி. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும் சஸ்பென்ஷனில், மேடு பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய அடியோடு வண்டி எகிறிக் குதிக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். சாஃப்ட், ஹார்ட் என்று நாம் பேசுவது பெரும்பாலும் ஸ்பிரிங்கைப் பற்றியது. வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பதில் ஷாக்கின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல.

மென்மையான ஸ்பிரிங்கோடு சோம்பேறி ஷாக் சேர்ந்தால், ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல இதமாக இருக்கும். ஷோரூமில் அந்த இதத்துக்கே பலர் மயங்கி முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அதே வண்டி நாற்கரச் சாலையில் 100-ஐத் தொட்டதும், மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மிதக்க ஆரம்பிக்கும். ஒரு மேட்டின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பார், பின்சீட்டில் தலை சுற்றும். சொகுசுக்கென்று வாங்கிய வண்டி அங்கே சொகுசையும் தராது, ஓட்டும் சுகத்தையும் தராது.

ஸ்பிரிங் ஓரளவு மென்மையாகவும் ஷாக் கறாராகவும் இருந்தால் கதை வேறு. வளைவில் வண்டி கொஞ்சம் சாயும், ஆனால் சாய்ந்த இடத்திலேயே நிதானமாக நிற்கும். அது பயமுறுத்தாத சாய்வு. 2010-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஃபிகோ மூன்றரை லட்சத்தில் தொடங்கிய வண்டிதான். ஓட்டத் தெரிந்தவர்களும் அதைக் கொண்டாடினார்கள், பின்சீட்டிலும் பெரிய புகார் இல்லை. 2012-ல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ டஸ்டரும் அந்த ஜாதி. அதன் பிளாஸ்டிக்கையும் உள் அலங்காரத்தையும் குறை சொன்னவர்கள்கூட, குண்டும் குழியுமான சாலையில் அது வேகம் குறைக்காமல் போகும் லாவகத்தைக் குறை சொன்னதில்லை. சஸ்பென்ஷனுக்குச் செலவழித்த காசு விளம்பரத்தில் தெரியாது. சன்ரூஃபும் பெரிய திரையும் தெரியும். எதில் சிக்கனம் பிடிப்பது என்ற கேள்வி வரும்போது கம்பெனிக்காரர் எங்கே கைவைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அகலமான வேகத்தடை ஒன்றை 25 கி.மீ. வேகத்தில் கடந்து பாருங்கள். வண்டியின் பின்பகுதி ஒரு முறை ஏறி இறங்கி அப்படியே நிற்கிறதா, இல்லை இறங்கிய பிறகும் இன்னும் இரண்டு முறை ஆடுகிறதா? முதலாவது என்றால் ஷாக் தன் வேலையைச் செய்கிறது. வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி. நம் தெருக்களில் ராவோடு ராவாகக் கொட்டிவைக்கும் தார்க் குவியல் எந்த விதியிலும் சேராது. அதில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

முன்சீட்டிலேயே டெஸ்ட் டிரைவை முடித்துக்கொள்வது

வாங்குகிறவர் ஓட்டுவார், பக்கத்தில் விற்பனைப் பையன், ஷோரூமைச் சுற்றி நல்ல சாலையில் இரண்டு கிலோமீட்டர். இதில் தெரிவது ஏசியும் பாட்டும் மட்டும்தான்.

பின்சீட்டு கிட்டத்தட்ட பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது, அதனால் அங்கே அடி நேராக வரும். முன்சீட்டு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் என்பதால் பாதி அடி அங்கே வந்து சேர்வதில்லை. போதாக்குறைக்கு, பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. 1930-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதற்கான காரணத்தைக் கண்டு சொன்னார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம், பின்சக்கரம் ஒரு நொடிப்பொழுது தாமதமாக ஏறும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்க ஆட்டத்தை எட்டிப்பிடித்து, வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டாமல் ஒரே மட்டமாக அடங்கும்.

இன்னொரு காரணம் சுமை. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு ஹேட்ச்பேக்கின் எடை 900 கிலோவைச் சற்றே தாண்டும். ஐந்து பெரியவர்களும் ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 375 கிலோ, அதாவது வண்டி எடையில் நாற்பது சதவீதம். அதில் பெரும்பங்கு பின்பக்கம்தான் விழும். அதைத் தாங்கும்படி ஸ்பிரிங் வைத்தால், பின்னால் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது தூக்கித்தான் போடும். மூன்று பேர் உட்கார்ந்தால் அதே வண்டி அடங்கிப் போகும்.

ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு வீட்டாரை அழைத்துப் போங்கள். பாதி தூரம் நீங்களே பின்னால் உட்காருங்கள். ஷோரூம்காரர் சொல்லும் சாலை வேண்டாம், தினமும் போகிற உங்கள் தெருவுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். கிளம்புமுன் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். நிறுத்தி வைத்திருந்த வண்டியில் சில சமயம் காற்று கூடுதலாக இருக்கும், நல்ல வண்டிகூட அதனால் கட்டை வண்டியாகத் தெரியும்.

சீட்டின் மெத்தையையும் சஸ்பென்ஷனையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்ததும் புதைகிற சீட்டு, சென்னையிலிருந்து விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் முதுகைப் பிடிக்க ஆரம்பிக்கும். தொடைக்கு அடியில் எவ்வளவு தாங்கல் இருக்கிறது என்பதுதான் நீண்ட பயணத்தில் பேசும்.

பெரிய சக்கரம் என்றால் உசத்தி என்று நினைப்பது

ஒரே மாடலின் கீழ் வேரியன்ட் மேல் வேரியன்ட்டைவிடச் சொகுசாக ஓடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கணக்குப் போட்டால் புரியும். ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்களில் 165/80 ஆர்14 டயர். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் என்பது, ஆர் பக்கத்தில் இருப்பது அங்குலத்தில் ரிம்மின் அளவு. அப்படியானால் சுவர் 132 மி.மீ. மேல் வேரியன்ட்டின் 185/65 ஆர்15 டயரில் 120 மி.மீ. பலேனோவின் மேல் வேரியன்ட்டில் வரும் 195/55 ஆர்16 டயரில் 107 மி.மீ. மட்டும்.

கூரான அடிகளில், அதாவது உடைந்த தார் விளிம்பு, திடீரென வரும் மேன்ஹோல் மூடி போன்றவற்றில், ஸ்பிரிங் வேலை செய்யத் தொடங்குமுன் முதல் அடியை வாங்குவது இந்த ரப்பர்ச் சுவர்தான். சுவர் குட்டையானால் டக் என்ற சத்தம் நேரே சீட்டுக்கு வரும். பதிலுக்கு, வளைவில் டயர் நெளியாது, ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். கம்பெனி பொருத்தித் தரும் அளவு வரை இது நியாயமான கொடுக்கல் வாங்கல். கடையில் போய் அதற்கும் மேலே ஓரங்குலம், இரண்டங்குலம் பெரிய அலாய் சக்கரம் மாட்டுவதுதான் வம்பு. பள்ளத்தில் ஒரு முறை இறங்கினால் ரிம் நெளியும், டயரின் பக்கவாட்டில் கொப்புளம் போல வீங்கும். கொப்புளம் வந்த டயரை மாற்றியே தீர வேண்டும், ஒட்டுப்போட வழி கிடையாது.

உயரமான வண்டி தானாகவே சொகுசு என்று எண்ணுவது

காம்பேக்ட் எஸ்யூவி மோகத்தில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஏறி இறங்க வசதி, வேகத்தடையில் அடி தட்டாது, சாலை நன்றாகத் தெரியும். எல்லாம் உண்மை. முழங்கால் வலிக்காரருக்கு இதுவே போதுமான காரணம். ஆனால் வண்டி உயர உயர வளைவில் சாயும் குணமும் கூடும். அதை அடக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்குவார்கள், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக்குவார்கள். அந்தக் கம்பி ஒரு பக்க அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும்.

குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தெருவின் ஒரு ஓரத்தை மட்டும் தோண்டி, அரைகுறையாக மூடியிருப்பார்களே, அந்தப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கும்போது பாருங்கள். தாழ்வான ஹேட்ச்பேக்கில் உடம்பு கீழே இறங்கி ஏறும். உயரமான வண்டியில் தலை இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆடும். ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பையனின் மண்டை கண்ணாடியில் இடிப்பது இப்படித்தான்.

உயரம் போதவில்லை என்று ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். செருகிய இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, விறைப்புதான் கூடும். இரண்டு சுகத்தையும் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குதிரைச் சக்தியையும் ஸ்டீயரிங் கனத்தையும் வைத்து எடைபோடுவது

ஓட்டும் சுகம் பிஎச்பி எண்ணில் இல்லை. 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர் மூன்றானது, 90 குதிரைச் சக்தி 82 ஆனது. ஊருக்குள் ஓட்டும்போது அந்த எட்டு எங்கே போயிற்று என்று தேடத் தோன்றாது. நம் சாலைகளில் சுகம் பெரும்பாலும் 30-லிருந்து 80 வரை உள்ள வேகத்தில்தான் இருக்கிறது. கியர் சிக்காமல் விழுகிறதா, இரண்டாவது கியரில் இழுவை இருக்கிறதா, பிரேக் மிதித்த அளவுக்கு ஏற்பப் பிடிக்கிறதா, இவற்றைப் பாருங்கள்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால் 'ஃபீல்' இருக்கிறது என்பதும் தப்புக் கணக்கு. 2009-ல் வந்த ஃபியட் புன்ட்டோவின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங், சாலையில் என்ன நடக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும். இன்று அநேகமாக எல்லாம் எலக்ட்ரிக். ஸ்போர்ட் மோடில் போட்டால் மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்ளும், கை வலிக்கும், அவ்வளவுதான். ஹூண்டாய் ஐ20 என் லைன் போல சஸ்பென்ஷனையும் சேர்த்து இறுக்கித் தருகிற வண்டிகள் வேறு ரகம். ரசனை இருந்தால் வாங்கலாம், வீட்டாரைப் பின்னால் உட்காரவைத்துக் கேட்ட பிறகு.

மலைப்பாதையில் வாந்தி வந்தால் வண்டியைத் திட்டுவது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது. அடுத்து என்ன நடக்கும் என்பது அவர் கைக்கும் கண்ணுக்கும் முன்கூட்டியே தெரியும். பின்னால் மொபைலில் குனிந்திருக்கும் பிள்ளைக்கு, ஆட்டத்தை உணரும் உட்காது சொல்வது ஒன்று, கண் சொல்வது இன்னொன்று. வயிற்றைப் புரட்டுவது பள்ளத்தின் அதிர்வு அல்ல, மெதுவான பெரிய ஆட்டம். அதனால் மிருதுவாக மிதக்கிற வண்டியில்தான் இது இன்னும் மோசம். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, ஸ்டீயரிங்கை ஒரே வீச்சில் திருப்பி, நிமிர்ந்த பிறகு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எலுமிச்சம்பழத்தைத் தேட வேண்டியதில்லை. கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி என்றால் மலையில் மேனுவல் மோடுக்கு மாற்றிவிடுங்கள். வளைவின் நடுவில் அது கியர் மாற்றிக் குலுக்குவதை அப்படித் தவிர்க்கலாம். மின்சாரக் கார் என்றால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் போல இழுத்துப் பிடிக்கும் ரீஜெனைக் குறைத்து வையுங்கள். நீண்ட இறக்கத்தில் மட்டும் அது தேவைப்படும்.

பங்கில் "எல்லாத்துக்கும் 35 வைப்பா" என்பது

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின்னதுக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். 30 சொல்லியிருக்கும் டயரில் 35 அடைத்துவிட்டு சஸ்பென்ஷன் கட்டை என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. சொகுசுக்காக ஸ்டிக்கரில் உள்ளதற்கும் கீழே இறக்குவது அதைவிட மோசம். பக்கச் சுவர் நெளிந்து சூடேறும், மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அது ஒரு காரணம் போதும். காற்றை ஓடி முடித்த சூட்டில் பார்க்காதீர்கள், காலையில் கிளம்பும்போது டயர் ஆறியிருக்கையில் பாருங்கள்.

பழைய வண்டி எடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஐம்பது அறுபதாயிரம் கி.மீ. ஓடிய காரை ஓட்டிப் பார்த்து "இந்த மாடலே குலுங்கும்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, சஸ்பென்ஷனின் இணைப்புகளான லிங்க் ராடும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களும் தேய்ந்து கடகடக்கின்றனவா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் மாற்றினால் சத்தமும் நிற்கும், ஸ்டீயரிங்கும் நேர்ப்படும். ஷாக் மாற்றுவதாக இருந்தால் ஒற்றையாக மாற்றாமல், முன்னிரண்டோ பின்னிரண்டோ ஜோடியாக மாற்றுங்கள். சஸ்பென்ஷனில் கைவைத்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.