பார்க்கில் போட்ட காரும் உருளும்: ஆட்டோமேட்டிக் கியர் கேபிள் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவரைப் பார்க்கில் தள்ளுகிறீர்கள். வழக்கமாகக் கைக்குத் தெரியும் ‘டொக்’ இல்லை. கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி லீவர் வழுவழுவென்று போகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி மெல்ல நகர்கிறது. இப்படி ஆனவுடன் கியர்பாக்ஸே போய்விட்டது என்று நினைத்துப் பெரிய செலவுக்குத் தயாராகிறவர்கள் உண்டு. கோளாறு லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஓடும் ஒரு கேபிளில், அதிலும் அதன் நுனியில் இருக்கும் விரல்நுனி அளவு புஷ்ஷில் (மெத்தை மாதிரி உட்காரும் உள்வளையத்தில்) இருக்கலாம். வேலை சின்னதுதான். ஆனால் தப்பாகச் செய்தால், லீவர் பார்க் என்று காட்டும், கியர்பாக்ஸ் வேறு நிலையில் இருக்கும். ஆளில்லாத வண்டி சரிவில் இறங்குவது இப்படித்தான்.

ஃபோர்டு மஸ்டாங்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2015 முதல் 2017 வரையிலான அமெரிக்க மாடல்களில் 6ஆர்80 என்ற ஆறு கியர் பெட்டி. 2018-லிருந்து 10ஆர்80 என்ற பத்து கியர் பெட்டி. 2016-இல் இந்தியாவுக்கு வந்த 5 லிட்டர் வி8 மஸ்டாங்கிலும் இந்த ஆறு கியர் பெட்டிதான். இரண்டிலும் லீவரின் அசைவு கேபிள் வழியாகவே பெட்டிக்குப் போகிறது. கேபிளின் அமைப்பு சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி: வெளியே அவுட்டர் என்ற உறை, உள்ளே இன்னர் என்ற கம்பி. பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான், இது இழுத்தும் தள்ளியும் வேலை செய்யும். பெட்டி பக்கத்து நுனியில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதற்குள் புஷ். அது செலக்டர் கைபிடியில் (பெட்டியின் வெளிப்புறத்தில் நீட்டியிருக்கும் சின்ன நெம்பில்) இருக்கும் சின்னக் குண்டின் மேல் அமுங்கி உட்காரும். அந்தக் கைபிடி பெட்டிக்குள்ளே ஒரு தண்டைத் திருப்புகிறது. தண்டில் சேவல் கொண்டை மாதிரி பள்ளம் பள்ளமாக வெட்டிய தகடு உண்டு. ஒவ்வொரு பள்ளமும் ஒரு நிலை. ஸ்பிரிங் உருளை அந்தப் பள்ளத்தில் விழுவதைத்தான் நாம் ‘டொக்’ என்று உணர்கிறோம்.

கேபிள் கடத்துவது பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் முதலான நிலைகளை மட்டும். ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவதெல்லாம் கம்ப்யூட்டரும் சாலினாய்டுகளும் (மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் வால்வுகளும்) பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த ஒரு மாற்றத்தில் மட்டும் வண்டி உதறினால் கேபிளைக் கழற்றிப் பயனில்லை.

கழற்றும் முன்பே நடக்கும் தவறுகள்

முதல் தவறு, ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 என்ற கோளாறு எண் வந்தவுடன், பெட்டியின் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரேஞ்ச் சென்சாரை ஆர்டர் போடுவது. அந்த எண்கள் சொல்வது, பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பதை மட்டும். செட்டிங் நகர்ந்த கேபிள் செலக்டரை இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் நிறுத்தினாலும் இதே எண் வரும். பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஸ்டார்ட் ஆவது, மீட்டர் காட்டும் எழுத்தும் லீவர் நிற்கும் இடமும் ஒத்துப்போகாதது, சாவி வெளியே வர மறுப்பது போன்றவற்றுக்கும் முதலில் கேபிளைத்தான் பார்க்க வேண்டும். 6ஆர்80 போன்ற பெட்டிகளில் இந்த சென்சார் உள்ளேயே இருக்கிறது. அதை மாற்றப் பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை இறக்க வேண்டும் என்பதால், தப்பான முடிவு விலை உயர்ந்ததாகிவிடும்.

சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி ஒருவர் லீவரை மெதுவாக நகர்த்தட்டும். இன்னொருவர் கீழிருந்து செலக்டர் கைபிடியைப் பார்க்கட்டும். லீவர் நகர்ந்தும் கைபிடி அசையவில்லை என்றால் கேபிள் நுனி கழன்றிருக்கிறது. லீவர் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கைபிடி கிளம்புகிறது என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது. அடுத்து கேபிளைக் கைபிடியிலிருந்து எடுத்துவிட்டு, கைபிடியைக் கையாலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் சுத்தமாக ‘டொக்’ என்று விழுந்தால், பெட்டியின் உள்ளே இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது. லீவர் இறுக்கமாக இருந்து, கைபிடி கையால் லேசாக நகர்ந்தால், அவுட்டருக்குள் துருவோ உருகிய உறையோ இன்னரைப் பிடிக்கிறது. அதற்குப் புஷ் மாற்றினால் போதாது, முழுக் கேபிளும் வேண்டும்.

இரண்டாவது தவறு உயிரோடு விளையாடுவது. இந்த வேலையில் பார்க் நிலையை நம்பவே கூடாது, ஏனென்றால் கெட்டுப்போனதே அதுதான். போதாததற்கு, வேலைக்கு நடுவில் நீங்களே கைபிடியை நியூட்ரலுக்குத் தள்ளுவீர்கள். மஸ்டாங்கில் பார்க் பூட்டும் ஹேண்ட்பிரேக்கும் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் இரண்டுமே தரையை விட்டுப் போய்விடும், முன்சக்கரங்கள் தாராளமாக உருளும். சமதரையில், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட்டு, முடிந்தால் நான்கு மூலையிலும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். சைலன்சர் குழாய் ஆறும் வரை காத்திருங்கள். செலக்டர் கைபிடி இருக்கும் இடத்தில் முழங்கை படுவது அந்தக் குழாயில்தான்.

மேலே கன்சோலைக் கழற்ற வேண்டியிருந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மேனுவல் சொல்லும் நேரம் பொறுத்திருந்து ஆரம்பியுங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது.

கழற்றும்போது

நுனியை ஸ்க்ரூ ட்ரைவரால் ஒரு பக்கமாக நெம்புவது எல்லோரும் செய்யும் தவறு. நுனி கழன்றுவிடும், கூடவே மெல்லிய செலக்டர் கைபிடி வளைந்துவிடும். வளைந்த கைபிடியில் எத்தனை முறை செட்டிங் வைத்தாலும் ஒரு நிலை சரியானால் இன்னொன்று தப்பும். பம்பர், டிரிம் கழற்றும் கவட்டை மாதிரியான கருவியை வளையத்துக்கும் கைபிடிக்கும் நடுவில் நுழைத்து, குண்டின் நேர்த்திசையில் சமமாகத் தூக்குங்கள். கேபிளையே பிடித்து இழுக்காதீர்கள். இன்னர் நுனியிலேயே மடங்கும்.

பிராக்கெட்டில் அவுட்டரைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு தேடுவதும் வழக்கம். கழற்றும் முன் கைபேசியில் மூன்று கோணத்தில் படம் எடுத்துவைப்பது நல்லது: கிளிப் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது, கேபிள் குழாய்க்கு மேலா கீழா, வெப்பத் தகடு எப்படி நிற்கிறது.

புஷ்: கட்டுக்கம்பி வேண்டாம்

உடைந்த வளையத்தைக் கட்டுக்கம்பி, கேபிள் டை, எம்-சீல் கொண்டு ஒப்பேற்றிப் பல மாதம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குண்டின் மேல் வளையம் ஒவ்வொரு அசைவிலும் சற்றுச் சுழல வேண்டும். கட்டிப்போட்டால் அந்தச் சுழற்சி கம்பியை அறுக்கும். அறுபடும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

புஷ் ஏன் போகிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் புரியும். ஃபோர்டு நிறுவனம் 2022 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளை இந்தப் புஷ்ஷுக்காகவே திரும்ப அழைத்தது. அவை எஸ்கேப், ஃபியூஷன் போன்ற குடும்ப வண்டிகள், மஸ்டாங் அல்ல. ஆனால் சொன்ன காரணம் எல்லோருக்கும் பாடம்: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து புஷ்ஷின் பொருளைச் சிதைக்கின்றன. தீர்வாகப் புதுப் புஷ்ஷோடு ஒரு பாதுகாப்பு மூடியும் போட்டார்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்த புஷ்ஷும், பெயரில்லாத ரப்பர் துண்டும் எத்தனை நாள் வரும் என்று சொல்லவே முடியாது.

கிரீஸ் விஷயத்திலும் கவனம். சேசிஸுக்குப் போடும் சாதாரண பெட்ரோலிய கிரீஸ் பல ரப்பர் வகைகளை ஊதிப் பொதபொதக்க வைக்கும். புஷ்ஷோடு வந்த குறிப்பு கிரீஸ் கேட்டால் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகப் போடுங்கள், கேட்கவில்லை என்றால் உலர்வாகவே மாட்டுங்கள். மாட்டும் முன் குண்டைத் துணியால் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் புதுப் புஷ்ஷையும் அது அரம் மாதிரி ராவிவிடும். மெல்லிய உப்புத்தாளால் வழுவழுப்பாக்கிய பிறகு மாட்டுங்கள்.

முழுக் கேபிள் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஆறு கியர் பெட்டியா பத்து கியர் பெட்டியா, எந்த வருடம் என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் கேபிள் சில மில்லிமீட்டர் நீளம் மாறினாலும், கேபிளின் நீளத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் அதன் எல்லையில் போய் நிற்கும்.

வழியும் கிளிப்பும்

ஸ்போர்ட்ஸ் காரில் டனல் (தரையின் நடுவில் கியர்பெட்டிக்காக விட்ட இடம்) குறுகல், சைலன்சர் பெரிது. வெளிச்சந்தையில் கிடைக்கும் லாங் டியூப் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை எடுத்துப்போகும் நீளமான குழாய்) போட்டவர்களின் காரில் கேபிள் உருகியிருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். கம்பெனி விட்டிருந்த இடைவெளியை அந்தக் குழாய் தின்றுவிட்டது. அங்கே புதுக் கேபிளை அப்படியே போட்டால் அதுவும் உருகும். முதலில் வெப்பத் தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். கேபிளைத் தூக்கிக் கட்டுகிறேன் என்று கூர்மையாக மடக்கினால் இன்னர் உள்ளேயே உரசி இறுகும். தரையில் கேபிள் நுழையும் துளையை அடைக்கும் ரப்பர் வளையத்தை (கிராமெட்) விட்டுவிடாதீர்கள். அது சரியாக உட்காராவிட்டால் மழைநீரும் புகையும் கேபினுக்குள் வரும்.

கிளிப்பைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு வட அமெரிக்காவில் சுமார் 3.5 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் 10ஆர்80 பெட்டி பொருத்திய 2018 மஸ்டாங்கும் இருந்தது. கோளாறு, பெட்டியில் கேபிளைப் பூட்டும் கிளிப் முழுதாக உட்காராமல் போயிருக்கலாம் என்பதுதான். தொழிற்சாலையிலேயே நடக்கக்கூடிய தவறு, முதுகைத் தரையில் வைத்து அரை வெளிச்சத்தில் வேலை செய்யும் நமக்கு இன்னும் எளிதாக நடக்கும். ‘க்ளிக்’ சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். டார்ச் அடித்து, கிளிப்பின் இரு கால்களும் பள்ளத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு அவுட்டரைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். துளியும் நகரக் கூடாது.

செட்டிங்: பாதிப் பள்ளம்தான் எதிரி

நல்ல பாகம் போட்டும் வேலை கெட்டுப்போவது இங்கேதான். பெட்டிக்குள் அந்தத் தகடு ஒரு வால்வையும் நகர்த்துகிறது. எந்த கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் போக வேண்டும் என்பது அந்த வால்வின் நிலையைப் பொறுத்தது. செலக்டர் பாதிப் பள்ளத்தில் நின்றால் வால்வு பாதி திறந்திருக்கும், அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், வழுக்கிய கிளட்ச் கருகும். மறு கோடியில், பார்க் பூட்டின் பல் முழுதாக விழாமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்.

எந்த நிலையில் வைத்துச் செட்டிங் செய்வது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. சிலர் டிரைவில் வைக்கச் சொல்வார்கள், சிலர் பார்க்கிலோ நியூட்ரலிலோ. உங்கள் வண்டி மேனுவலைப் பார்க்காமல் இன்னொரு காரில் செய்ததை இங்கே செய்யாதீர்கள். எதுவானாலும் வரிசை ஒன்றே: லீவரை அந்த நிலையில் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே கைபிடியைக் கையால் அதே பள்ளத்தில் விழச் செய்து, அட்ஜஸ்டர் பூட்டு திறந்த நிலையில் நுனியைக் குண்டில் அமுக்கி, கேபிள் தன் நீளத்தைத் தானே எடுத்துக்கொண்ட பிறகு பூட்டை முழுதாக அடைக்க வேண்டும். பூட்டும் நேரத்தில் மேலே இருப்பவர் லீவரில் சாய்ந்தால் அந்த அழுத்தம் செட்டிங்கிலேயே பதிந்துவிடும்.

இறக்கும் முன், லீவரைக் கோடியிலிருந்து கோடி வரை பத்து முறை நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் மேலே விழும் ‘டொக்’கும் கீழே விழும் ‘டொக்’கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். வண்டியை இறக்கியபின், ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, முன்னால் யாரும் நிற்காமல் ஸ்டார்ட்டரைப் பாருங்கள்: பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே சுழல வேண்டும். ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிய வேண்டும். மீட்டரில் ஒவ்வொரு எழுத்தும் லீவரோடு ஒத்துவர வேண்டும்.

கடைசியாகச் சரிவு. லேசான இறக்கத்தில் நிறுத்திப் பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். சில சென்டிமீட்டர் நகர்ந்து ‘டக்’கென்று பிடித்தால் பூட்டு விழுந்துவிட்டது. ‘கரகர’ என்று பல் உரசும் சத்தம் வந்தால் உடனே பிரேக்கை மிதியுங்கள், செட்டிங்கைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள். சரிவை ஏறும் திசையில் நிறுத்தியும் இதே சோதனையை ஒரு முறை செய்யுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, கிளிப்பையும் அட்ஜஸ்டர் பூட்டையும் டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.