சியாங் மாய் பயணம்: முதல் தவறு காலண்டரிலேயே நடந்துவிடுகிறது

மார்ச் மாதத்தில் சியாங் மாயில் விடுதி அறைகள் மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்கிறவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வட தாய்லாந்தில் புகைக்காலம். மலைகளில் காட்டுத்தீ பிடிக்கும். அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகளில் தட்டையைக் கொளுத்துவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரிலும் லாவோஸிலும் எரிப்பதும் காற்றோடு வந்து சேரும். நகரமோ பிங் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுற்றிலும் மலை நிற்க, சட்டியின் அடியில் கிடப்பதுபோல் கிடக்கிறது. அந்த மாதங்களில் மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால் கீழே உள்ள புகைக்குப் போக்கிடம் இல்லை. உலகின் மோசமான காற்றுள்ள நகரங்களின் அன்றாடப் பட்டியலில் சியாங் மாய் மார்ச்சில் முதலிடத்தைத் தொட்டுவிட்டுப் போவது பல ஆண்டுகளாகப் பார்க்கிற காட்சி.

நான் முதல் முறை போனது மார்ச் மூன்றாவது வாரம். நான்கு நாள் இருந்தோம். நகரத்துக்கு மேற்கே சுவர்போல் எழும் டோய் சுதேப் மலை ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. மலைக்கோயிலுக்கு ஏறிப் போய்க் கீழே எட்டிப் பார்த்தால் வெறும் வெள்ளை. கூட வந்த சித்தப்பாவுக்கு ஆஸ்துமா இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவர் அறையைவிட்டே வரவில்லை. குழந்தைகளையும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களையும் அந்த இரண்டரை மாதத்தில் தயவுசெய்து அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஏற்கெனவே டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால், பிஎம் 2.5 எனும் காற்றிலுள்ள நுண்துகள் அளவைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள், என்95 முகக்கவசம் கையில் இருக்கட்டும், காற்று சுத்திகரிப்பான் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் தெளிவாக இருக்கும், காலையில் லேசாகக் குளிரும். கூட்டமும் அப்போதுதான். என்னைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட் கூட நல்ல மாதங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும், வயலெல்லாம் பச்சை, வாடகையும் குறைவு. மழைக்காலத்தின் கடைசியில் மட்டும் ஆற்றங்கரை விடுதிகளைத் தவிர்க்கலாம். 2024 அக்டோபரில் பிங் ஆறு பெருகி, நைட் பஜார் இருக்கும் சாங் க்லான் சாலை வரை தண்ணீர் நின்றது.

பண்டிகைக்குப் போகிறவர்கள் வேறு மாதிரி ஏமாறுகிறார்கள். ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் ஒரே நொடியில் வானில் எழும் அந்தப் புகழ்பெற்ற படம் யீ பெங் விழாவினுடையது. பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியில் வரும். நகரத்துக்குள் சும்மா போய் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது. அப்படி ஒரே நேரத்தில் விடும் நிகழ்ச்சிகள் நகருக்கு வெளியே, பல ஆயிரம் பாட் கட்டணத்தில் நடப்பவை. நகரத்துக்குள் விளக்கு விட நாளும் நேரமும் வரையறுத்திருக்கிறார்கள், அந்த இரவுகளில் விமானங்களையே ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். திரும்பும் டிக்கெட்டை அன்றைய இரவுக்கு எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தின் புத்தாண்டான சோங்க்ரான். பெயர் நம் 'சங்கராந்தி'தான். சூரியன் மேஷத்துக்குள் நுழையும் அதே கணக்கு என்பதால் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. பழைய நகரத்தைச் சூழ்ந்த கோட்டை அகழியைச் சுற்றி நின்று போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள், உங்களுக்கும் விலக்கு கிடையாது. கைபேசிக்கு நீர்புகா உறை வாங்காமல் தெருவில் இறங்க வேண்டாம்.

அடுத்த தவறு, பாங்காக் பயணத்தின் வாலாக இரண்டு நாள் ஒட்டவைப்பது. 1296-இல் மெங்ராய் மன்னர் கட்டிய லன்னா நாட்டின் தலைநகரம் இது. 'சியாங் மாய்' என்றால் புது நகரம். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் பர்மியர் கைக்குப் போய், இருநூறு ஆண்டுக்கு மேல் அவர்கள் ஆட்சியில் இருந்தது. பேச்சு, சாப்பாடு, கோயில் கூரை எல்லாமே பாங்காக்கிலிருந்து வேறு. குறைந்தது நான்கு நாள் கொடுங்கள்.

அந்த இரண்டு நாளிலும் ஒன்றை வெள்ளைக் கோயிலுக்குத் தாரைவார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் அந்த வாட் ரோங் குன் இருப்பது சியாங் மாயில் அல்ல, சியாங் ராயில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அதோடு, மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் தங்க முக்கோணத்தையும் சேர்த்து ஒரே நாளில் காட்டுகிறோம் என்று விற்கும் வேன் சுற்றுலாவில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது முன் இருக்கையின் முதுகைத்தான். சியாங் ராயில் ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பாங்காக்கில் விமானம் மாறுகிறவர்கள் டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள். சுவர்ணபூமியும் டோன் முவாங்கும் வெவ்வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மலிவு விலை உள்நாட்டு விமானங்கள் பல டோன் முவாங்கிலிருந்து கிளம்புகின்றன. இரவு ரயிலில் சுமார் 750 கிலோமீட்டர் போகப் பிரியப்படுகிறவர்கள், பழைய குறிப்புகளை நம்பி ஹுவா லம்போங் நிலையத்தில் போய் நிற்க வேண்டாம். 2023 ஜனவரி முதல் வடக்கே போகும் நீண்டதூர ரயில்கள் க்ருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. நாட்டுக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே மாதத்திலிருந்து கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல.

சரி, நகரத்துக்கு வந்தாகிவிட்டது. சிவப்பு நிறத்தில், பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் பெயர் சோங்தேவ், 'இரண்டு வரிசை' என்றே பொருள். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான். நிறுத்தி, இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தலையாட்டினால் ஏறிக்கொள்ள வேண்டும், இறங்கியபின் காசு கொடுக்க வேண்டும். பழைய நகரத்தைச் சுற்றி முப்பது, நாற்பது பாட். ஏறும் முன்பே "எவ்வளவு?" என்று பேரம் தொடங்கினால், வண்டியை முழுதாக வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு இருநூறு சொல்வார். அவர் ஏமாற்றவில்லை, கேட்ட கேள்வி அப்படி. ஆள் அதிகம், பெட்டியும் உண்டு என்றால் கிராப், போல்ட் செயலிகள் போதும்.

பைக் வாடகைக்கு எடுப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். நம்மைப்போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு, பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிற கை, அப்புறம் என்ன என்ற தைரியம். இந்திய உரிமம் மட்டும் அங்கே போதாது. ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், அதில் இருசக்கர வாகனப் பிரிவும் இருக்க வேண்டும். அகழி ஓரத்தில் போலீஸ் சோதனையில் கட்டும் அபராதம் சின்ன விஷயம். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தராது என்பதுதான் பெரிய விஷயம். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காமல் முன்பணம் கட்டுங்கள். எடுக்கும்போதே வண்டியின் கீறல்களையெல்லாம் வீடியோ பிடித்துக்கொள்ளுங்கள். பாய் ஊருக்குப் போகும் 1095-ஆம் எண் சாலையில் 762 வளைவுகள் என்று சட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். முதல் பைக் அனுபவத்துக்கு அது ஏற்ற சாலை இல்லை. வேனில் போனாலும் வாந்தி மாத்திரை வேண்டும்.

யானை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1989-இல் தாய்லாந்து அரசு காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. அதுவரை மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை போனது. ஒரு யானைக்கு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். அந்தச் செலவுக்கு வழியாக வந்து சேர்ந்ததுதான் சுற்றுலா. முதலில் முதுகில் ஏற்றிச் சவாரி, பிறகு ஓவியம் வரைய வைப்பது, பந்து உதைக்க வைப்பது. இப்போது சவாரிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதால் எல்லாப் பலகையிலும் 'சரணாலயம்' என்று எழுதிவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாறுவதுதான் இன்றைய தவறு. யானையைக் குளிப்பாட்டலாம், சேறு பூசலாம் என்று நேரம் குறித்துக் கூட்டம் கூட்டமாக அனுப்பும் இடத்தில், அந்த யானை அன்றைக்கு நாலாவது முறையாகக் குளித்துக்கொண்டிருக்கலாம். அன்னியர் இத்தனை பேர் தொட்டும் அசையாமல் நிற்க அதை எப்படிப் பழக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொடாமல், தள்ளி நின்று பார்க்க மட்டும் விடும் இடங்களும் இருக்கின்றன. படம் குறைவாகக் கிடைக்கும். யானை யானையாக இருப்பதைப் பார்க்கலாம்.

கழுத்தில் வளையம் அணிந்த கயான் பெண்களின் கிராமம் என்று நுழைவுச்சீட்டு விற்கும் இடங்களுக்கும் நான் போகமாட்டேன். பர்மாவில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அவர்கள். ஒரு வரிசைக் குடிசை முன் அவர்களை உட்காரவைத்துக் காட்டுவதைக் கிராமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் செய்யும் தவறு, கறி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று நினைப்பது. கறி போடமாட்டார்கள், மீன் சாறு ஊற்றுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "கின் ஜே" என்று சொல்லுங்கள். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இல்லாத, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத உணவு அது. மஞ்சள் பலகையில் சிவப்பாக 17 என்ற எண்போலத் தெரியும் எழுத்து இருந்தால் ஜே கடை. 'மங்சவிரத்' என்றும் கேட்கலாம், அந்தச் சொல்லுக்குள் நம் மாம்சம் ஒளிந்திருப்பதால் மறக்காது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பாங்காக் பாணி பாட் தாய் என்ற வறுத்த நூடுல்ஸையே இங்கும் தேடுவது வீண். காவ் சோய் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், கோழி, மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் ஊறவைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு ஏதோ சொந்தம்போலத் தெரியும். பெரும்பாலும் மதியக் கடை, ராத்திரி எட்டு மணிக்குத் தேடினால் நல்ல கடைகள் மூடியிருக்கும். ஒட்டும் அரிசிச் சோற்றை முள்கரண்டியால் குத்த வேண்டாம். அங்கேயும் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள்.

கோயிலில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டக்கூடாது, பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. வாட் சேடி லுவாங் வளாகத்தில் ஊரைக் காப்பதாக நம்பும் நகரத் தூண் இருக்கும் சிறு கோயிலுக்குள் மட்டும் பெண்களை விடமாட்டார்கள். அதே வளாகத்தில் பிக்குகள் ஆங்கிலம் பழகிக்கொள்ள வெளியூர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அதற்குப் பெண்களும் போகலாம். பலர் 1545 நிலநடுக்கத்தில் தலை இடிந்த அந்தப் பெரிய ஸ்தூபியைப் படமெடுத்துவிட்டு, பேசக் கூப்பிடும் பலகையைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஞாயிறு மாலை தா பே வாசலில் தொடங்கும் நடைச்சந்தையில் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். அத்தனை கூட்டமும் அப்படியே நிற்கும். கையில் மாம்பழச் சோற்றோடு நீங்கள் மட்டும் நடந்துகொண்டிருக்காதீர்கள்.

டோய் சுதேப் கோயிலுக்கு எல்லோரும் வண்டியில் போய் வண்டியில் வருகிறார்கள். அந்த மலைச்சாலையே 1930-களில் க்ருபா சிவிச்சாய் என்ற பிக்கு ஊர்மக்களைத் திரட்டிப் போட்டது. அதற்கு முன் பக்தர்கள் நடந்து போன காட்டுப்பாதை இன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பின்புறம், சுதேப் சாலையின் முடிவில் ஆரம்பிக்கும். மரங்களில் பிக்குகள் உடுத்தும் ஆரஞ்சு நிறச் சீவரத் துணி கட்டி வழி காட்டியிருப்பார்கள். முக்கால் மணி நேரம் ஏறினால் வாட் பா லாட் வரும். பாறைமேல் வழியும் ஓடை, பாசி பிடித்த சிலைகள், பர்மியச் சாயல் மண்டபம். காலை ஏழு மணிக்குப் போனால் பெருக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கிருந்து மேலே போக சாலைக்கு ஏறி ஒரு சிவப்பு வண்டியை நிறுத்தலாம். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், பாதையில் கடை கிடையாது.