மேடை மியூசிக்கல் சினிமாவா வந்தா எப்படி பாக்கணும்

மியூசிக்கல்னா பாட்டாலயே கதையை நகத்துத நாடகம், அது சினிமாவாவும் வரும். முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், பாட்டு வரும்போது எழும்பிப் போகாதீங்க. நம்ம படத்துல பாட்டு வந்தா வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்தாலும் கதை விட்ட இடத்துலயேதான் நிக்கும், அந்தப் பழக்கத்தோட மியூசிக்கல் பாக்கப் போனா ஒண்ணும் பிடிபடாது, ஏன்னா அங்க வெறும் பேச்சு போதாதுங்கிற கட்டத்துலதான் பாட்டே ஆரம்பிக்கும், பாடத் தொடங்கும்போது குழப்பத்துல இருந்தவ முடிக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருப்பா. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்ல மக்கா. கோயில் கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவங்கதான நாம, சுடலைமாடன் கதை பாடும்போது கதை நடக்கதே பாட்டுலதான், அந்தக் கட்டம் வந்ததும் சாமி வந்து ஆடும். அந்தக் காதோட உக்காந்தா பாதி வேலை முடிஞ்சுது.

பாக்கதுக்கு முன்னாடி மேடையில நடிச்சவங்க பாடிப் பதிவு பண்ணுன ஆல்பத்துல ரெண்டு பாட்டு மட்டும் கேட்டுக்கிடுங்க, முழுசா கேட்டா கதை தெரிஞ்சிரும். படம் பாத்து முடிச்ச பெறவு முழு ஆல்பத்தையும் போடுங்க, சினிமாக்காரங்க எதை எடுத்தாங்க எதை மாத்துனாங்கன்னு அப்பதான் தெரியும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலையே இதுதான்.

சவுண்ட் ஆஃப் மியூசிக்கையே எடுத்துக்கிடுவோம். மேடைக்கு வந்தது 1959, படம் 1965. மேடையில ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாட்டை கன்னியாஸ்திரி ஆகப் போற மரியாவும் மடத்துத் தலைவியும் சேந்து பாடுவாங்க, மரியா பாத்துக்கிடப் போன வீட்டுப் பிள்ளைங்க இடி மின்னலுக்குப் பயந்து ஓடி வரும்போது பாடுறது ‘லோன்லி கோட்ஹெர்ட்’ங்கிற ஆட்டுக்காரன் பாட்டு. படத்துல இடி ராத்திரிக்கு ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ வந்துட்டு, ஆட்டுக்காரன் பாட்டு பொம்மலாட்டமா மாறிட்டு. பயந்து கிடக்க பிள்ளைங்களுக்கு, பிடிச்சதை எல்லாம் நினைச்சுப் பாருங்கன்னு சொல்லுத பாட்டுதான் பொருத்தம், எனக்கு இந்த மாத்தம் மேடையை விட நல்லாருக்குன்னுதான் தோணுது. மூணு பாட்டைத் தூக்கிட்டு ரெண்டு புதுசும் சேத்தாங்க, பாட்டு எழுதுன ஹேமர்ஸ்டைன் 1960லயே இறந்துட்டதால புது ரெண்டுக்கும் வரிகளையும் இசையமைப்பாளர் ராட்ஜர்ஸே எழுதுனாரு. ‘ஐ ஹாவ் கான்ஃபிடன்ஸ்’ அதுல ஒண்ணு. மரியா மடத்துல இருந்து அந்தப் பெரிய வீட்டுக்குப் போற வழியெல்லாம் பாடிட்டே போறதை கேமரா கூடவே போய் காட்டுது பாருங்க, மேடையில அந்த வழியை எங்க போய் வைக்க?

அடுத்து குரல். மேடையில கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரணும்னு பாடுவாங்க, சினிமாவுல கேமரா மூஞ்சிக்குப் பக்கத்துலயே நிக்கும். 2012ல வந்த லே மிசராப்ல நடிகர்களை ஷூட்டிங்லயே நேரடியா பாட வச்சாங்க, காதுக்குள்ள பியானோ மட்டும் கேக்கும், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் பெறவு சேத்தது. அதனால ஆன் ஹாத்வே பாடும்போது குரல் உடையும், மூச்சு வாங்கும், ஸ்ருதி சுத்தமா இல்லியேன்னு அங்க கணக்குப் பாக்காதீங்க, அவ அழுதுட்டே பாடுதா. மை ஃபேர் லேடில நேர் எதிரு, ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் மார்னி நிக்சன்தான் பின்னணி பாடுனது, பின்னணிப் பாட்டு கேட்டுப் பழகுன நமக்கு அது உறுத்தாது.

இன்டர்வலைப் பத்தியும் சொல்லணும். மேடையில முதல் பாதி முடியுறது ஒரு பெரிய பாட்டோட. ‘விக்கிட்’ங்கிற மியூசிக்கல்ல அந்த இடம் ‘டிஃபையிங் கிராவிட்டி’, 2024 படம் முடியுறதே அதுலதான், மீதி அடுத்த படத்துல. இது தெரியாம போனா பாதிக்கதைக்கு டிக்கெட் எடுத்துட்டோமேன்னு இருக்கும், தெரிஞ்சு போனா அந்தப் பாட்டை நோக்கித்தான் படமே ஏறிட்டு வருதுன்னு புரியும்.

இந்த மாதிரி படம் நம்ம பக்கம் ரொம்ப நாள் ஓடாது, முதல் வாரமே போயிருங்க, இல்லன்னா திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறணும். வீட்ல பாத்தா நல்ல ஹெட்ஃபோன் போடுங்க, இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சாலும் சப்டைட்டில் வேணும், வரி ஒண்ணு விட்டா கதையில ஒரு படி விட்ட மாதிரி. பக்கத்துல இருக்கவங்களுக்குக் கதை சொல்லணும்னா பாட்டுக்கு நடுவுல சொல்லாதீங்க, பேச்சு சீன் வரும்போது மெதுவா சொல்லிக்கிடலாம்.

நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கே. நடிச்ச மேனகா, 1935ல வந்தது, அதுவும் டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில போட்ட நாடகத்துல இருந்து வந்த படம்தான். வீட்ல பெரியவங்க இருந்தா அந்தக் காலத்து நாடகப் பாட்டைப் பத்திக் கேட்டுட்டுப் போய் மியூசிக்கல் பாருங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.