காவிரி மஹ்சீர்: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

காவிரியில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த மஹ்சீர் என்று கேளுங்கள். தலைக்குப் பின்னால் திமில்போல் மேடு எழும்பி, ஆரஞ்சு நிறத் துடுப்போடு இருப்பதுதான் காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர். உலகில் வேறெங்கும் கிடையாது. நீலத்துடுப்பு மஹ்சீர் கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. மஹ்சீரைப் பெருக்கும் எண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் பொரிக்கவைத்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். இரண்டையும் ஒரே மீனாகப் பார்த்ததுதான் பெரிய தவறு.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1946-ல் கபினியில் தூண்டிலில் சிக்கிய திமில் மஹ்சீர் சுமார் 54 கிலோ. தூண்டில்காரர்கள் இன்றும் பேசும் மீன் அது. ஆனாலும் திமில் மஹ்சீரின் அறிவியல் பெயர் ‘டோர் ரேமாதேவியை’ என்று உறுதியானது 2018-ல்தான். காவிரிப் படுகையைச் சேர்ந்த கேரளப் பாம்பாற்று மீன்களுக்கு 2007-ல் சூட்டிய பெயர் அது. மிக அபாய நிலையில் உள்ள இனம் என்ற அறிவிப்பும் 2018-ல்தான் வந்தது. பெயரே உறுதியாகாத மீனை எந்தப் பட்டியலில் வைத்துக் காப்பது?

பெரிய மீன் சிக்கினால் ஆறு நன்றாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. 1998 முதல் 2012 வரையான தூண்டில் பதிவுகளில் திமில் மஹ்சீரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போக, சராசரி எடை கூடிக்கொண்டே போனது. அதாவது, கிழட்டு மீன்கள் மிஞ்சியிருந்தன, குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை. நீலத்துடுப்போ பெருகிக்கொண்டிருந்தது.

சரி, அணையில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, அங்கே வாழாதா? தேங்கிய நீர் இதற்குப் போதாது. பாறைகளுக்கிடையே ஓடும் நீர் வேண்டும், ஆழமான மடு வேண்டும், மழைக்காலத்தில் மேலேறிப் போக வழி வேண்டும், முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும். சின்னத் தடுப்பணைகூட அந்த வழியை மறித்துவிடும். மணலும் கல்லும் அள்ளினால் முட்டையிடும் இடம் போகும். கோடையில் மீன்களெல்லாம் மடுவில் ஒதுங்கும் நேரத்தில் வெடி போடுவது இன்னும் கொடுமை. தாய் மீன், குஞ்சு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

காப்புக்காட்டுக்குள் தூண்டில் போடவே வேண்டாம். வேறெங்காவது தற்செயலாகச் சிக்கினால், செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, திமிலும் துடுப்பும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு உடனே விட்டுவிடுங்கள். எந்த மஹ்சீர் என்று சொல்ல அந்த ஒரு படம் உதவும்.